வெள்ளி இழைப் பனியன்

அந்தப் பனியனை என் கையில் கொடுத்ததும் நான் முதலில் செய்தது, அதன் ஓரத்தைப் பிடித்து இரண்டு விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்ததுதான். திருநெல்வேலி ரத வீதியில் பாதி ஆயுசுக்கு மேல் ஜவுளிக்கடை நடத்தியவனுக்குத் துணியை வேறு எப்படிப் பார்க்கத் தெரியும்? நல்ல பருத்தி. உடம்போடு ஒட்டிக் கிடப்பதற்காக இழுவை நூல் கொஞ்சம் கலந்திருந்தார்கள். தையல் சுத்தமாக இருந்தது. மார்பைச் சுற்றி வரும் இரண்டு பட்டைகள் மட்டும் சாம்பல் நிறத்தில் மினுங்கின. அது வெள்ளி பூசிய இழை என்று ஆஸ்பத்திரிப் பெண் சொன்னாள்.

"சரிகையாம்மா?" என்று கேட்டேன்.

"அப்படித்தான் வச்சுக்கிடுங்களேன், தாத்தா" என்றாள்.

தாத்தா என்று கூப்பிட்டது எனக்குப் பிடிக்கவில்லை. ஊரே என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். ஆனாலும் அவளுக்கு என் பேத்தி வயதுதான் இருக்கும் என்பதால் விட்டுக்கொடுத்தேன். ஊரார் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் சரிகை அளந்து கொடுத்தவன், கடைசியில் சரிகை வைத்த பனியனோடு உட்காரப் போகிறேன் என்று நினைத்தபோது சிரிப்புத்தான் வந்தது.

சிரிக்கிற நிலைமையில் நான் அப்போது இல்லை. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஐப்பசி மழையில்தான் என் இதயம் பலவீனமாகிவிட்டது என்று கண்டுபிடித்தார்கள். நின்றுபோகவில்லை, வேலை செய்கிறது, ஆனால் முழுசாகச் செய்யவில்லை. ரத்தத்தை அது சரியாகத் தள்ளிவிடாததால் உடம்பில் தண்ணீர் தங்குகிறது. முதலில் காலில் தங்கும், பிறகு நெஞ்சுக்கூட்டில் ஏறும். எனக்கு நெஞ்சு வரைக்கும் ஏறியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டியதால் நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கினேன். வழக்கமாக என்னை ஏற்றிப்போகும் மேலப்பாளையத்து ஆட்டோக்காரர்தான் என்னைப் பார்த்துப் பயந்துபோய் ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தார். பெங்களூரிலிருந்து மகள் ஓடி வந்தாள். எங்களுக்கு அவள் ஒருத்திதான். எங்களுக்கு என்று எழுதுவதே பழக்கதோஷம். என் மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

தண்ணீரை வடிய வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது மகள் டாக்டர் முன்னாலேயே ஆரம்பித்தாள். இனி இவரைத் தனியாக விட முடியாது, கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். நான் வர மாட்டேன் என்றேன். பிடிவாதம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அப்போதுதான் டாக்டர் இந்தப் பனியனைப் பற்றிச் சொன்னார். புதிதாக வந்திருக்கிறது, போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார்.

அது வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. காலையில் குளித்துவிட்டுப் போட்டுக்கொண்டு, தீப்பெட்டி அளவு பெட்டி ஒன்றைப் பட்டையில் மாட்டிவிட்டு, ஆடாமல் அசையாமல் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். நமக்கே தெரியாத அளவுக்குச் சின்னக் கரண்டு ஒரு பட்டையிலிருந்து மார்புக்குள் புகுந்து மற்ற பட்டைக்குப் போகும். தண்ணீரில் கரண்டு சுலபமாக ஓடும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உள்ளே தண்ணீர் கூடக் கூட அது சுலபமாக ஓடும், அதை வைத்துப் பெட்டி கணக்குப் போட்டுவிடும். என் போனிலும் மகளின் போனிலும் ஒரே நேரத்தில் ஒரு வட்டம் வரும். பச்சை என்றால் பயமில்லை. சிவப்பு என்றால் தண்ணீர் ஏறுகிறது. ஊசி கிடையாது, ரத்தம் எடுப்பது கிடையாது. மாதம் ஒருமுறை நான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தக் கணக்கை மொத்தமாக எடுத்துப் பார்ப்பார்கள், அன்றாடம் பார்ப்பது மகளின் பொறுப்பு.

ஊருக்குக் கிளம்புகிற அன்று அவள் என்னிடம் ஒரு உடன்படிக்கை போட்டாள்.

"பச்சையா இருக்க வரைக்கும் உங்க வீட்ல உங்க இஷ்டம்போல இருங்கப்பா. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனா சிவப்பு தொடர்ந்து வந்துச்சுன்னா, மறுபேச்சு பேசாம எங்கூட வந்துரணும். சரியா?"

"சரி ளா" என்றேன். மகளை நான் கூப்பிடுவது அப்படித்தான்.

எனக்குத் தனியாக இருப்பது பிடிக்கும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எனக்குப் பிடிக்காது. சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்க்கிற சத்தம் மட்டும் கேட்கிற வீடு யாருக்குப் பிடிக்கும்? ஆனால் இன்னொருவர் வீட்டில் தனியாக இருப்பது அதைவிட மோசம். மனைவி போன புதிதில் பெங்களூரில் கொஞ்ச காலம் இருந்து பார்த்தேன். காலையில் மகள், மாப்பிள்ளை, பேரன் மூவரும் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள். மாடி உயரத்தில், தெரியாத பாஷை நடுவே, எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்றுகூடத் தெரியாமல் சாயந்திரம் வரை உட்கார்ந்திருப்பேன். இங்கே என்றால் வாசலுக்கு வந்தால் காய்கறி வண்டிக்காரனாவது, "என்ன அண்ணாச்சி, கத்தரிக்கா பிஞ்சா இருக்கு, பாக்குதியளா?" என்று கேட்பான். என் தனிமையில் எனக்கு ஒரு பெயராவது மிஞ்சும்.

ஆகவே அந்தப் பச்சை வட்டம்தான் எனக்கு வீட்டுப் பத்திரம் மாதிரி ஆகிவிட்டது.

முதல் நாள் காலையிலேயே சிவப்பு வந்தது.

பெட்டியைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. "என்னப்பா, சிவப்பு காட்டுது? உப்பு சேத்துட்டியளா?" மறுநாளும் சிவப்பு. "நேத்து தண்ணி எவ்வளவு குடிச்சிய?" அதற்கடுத்த நாளும் சிவப்பு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அந்தக் குப்பையைத்தான் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தாமிரபரணித் தண்ணீரை ஊரே சொம்பு சொம்பாகக் குடிக்க, நான் ஒரு தம்ளரை வைத்துக்கொண்டு உள்நாக்கை நனைத்துக்கொண்டிருந்தேன். கால் வீங்கவில்லை, மூச்சு முட்டவில்லை, படுத்தால் தூக்கம் வந்தது. ஆனாலும் தினமும் காலையில் சிவப்பு. மகள் அந்த வாரக் கடைசியில், "பேரன் ரூம்ல உங்களுக்கு ஒரு கட்டில் போடச் சொல்லிருக்கேன்" என்று சொல்லிவிட்டாள்.

பனியன் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஆனால் துணி பொய் சொல்லாது, விற்கிறவன்தான் சொல்வான். அது என் தொழில் அனுபவம். ஆட்டோவைக் கூப்பிட்டு, பனியனோடு பாளையங்கோட்டைக்குப் போய் அந்த ஆஸ்பத்திரிப் பெண் முன்னால் நின்றேன்.

அவள் பனியனை உள்பக்கம் திருப்பினாள். சாம்பல் நிறப் பட்டைகள் மேல் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் படிந்திருந்தன.

"தாத்தா, பவுடர் போட்டுருக்கியளா?"

"இந்த வயசுல பவுடர் போட்டு நான் யாரை மயக்கப் போறேன்? அது திருநீறு."

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கும் அப்போதுதான் பொறி தட்டியது. குளித்து முடித்ததும் திருநீற்றை உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் குழைத்து, நெற்றி, மார்பு, தோள், வயிறு என்று மூன்று மூன்று விரல் கோடாக இழுப்பது எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வழக்கம். அதைச் செய்யாமல் நான் காலையில் எந்தக் காரியத்தையும் தொட்டதில்லை. அது காயும் முன்பே அதன் மேல் பனியனை மாட்டியிருக்கிறேன்.

"ஈரச் சாம்பல் இல்லையா தாத்தா, கரண்டு நெஞ்சுக்குள்ள போகாம அந்தக் கோடு வழியா மேலாப்புலயே ஓடிருது. அவ்வளவு லேசா ஓடுதே, உள்ள தண்ணி நிறைய இருக்கு போலன்னு பெட்டி நினைச்சுக்கிடுது" என்றாள்.

ஈரத்துணியால் மார்பைத் துடைத்து, காயவிட்டு, வேறு பனியன் போட்டுப் பார்த்தாள். பச்சை. முதலில் பெட்டிக்காரியம், பிறகு திருநீறு என்று முறையை மாற்றிக்கொள்ளச் சொன்னாள். ஒருவேளை மறந்து பூசிவிட்டால் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்க்கச் சொன்னாள்.

அங்கேயே நின்று மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவள் அம்மா போன பிறகு அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. "சிவபெருமானே உங்களப் பெங்களூருக்குக் கூட்டிட்டு வரப் பாத்திருக்காருப்பா" என்றாள். "அவரு மட்டும் கைலாசத்த விட்டு எறங்கி வாராராக்கும், என்னைய ஏன் வம்புக்கிழுக்காரு" என்றேன். அன்று ரொம்ப நேரம் பேசினோம். வீடு திரும்பும் வழியில் ஆட்டோக்காரர், "அண்ணாச்சி மொகத்துல இன்னிக்கித்தான் வெளிச்சத்தப் பாக்குதேன்" என்றார்.

மறுநாள் காலையில் பச்சை வந்தது. பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனைப் பார்த்தேன். போன் அடிக்கவில்லை.

அதற்கு மறுநாளும் பச்சை, போன் அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டவளிடம் மெதுவாகக் கேட்டேன். "பச்சையப் பாத்துட்டேன்னா நிம்மதியாயிரும்ப்பா, அப்படியே வேலைக்குக் கிளம்பிருவேன்" என்றாள். அவள் சொன்னதில் தப்பு இல்லை. பிள்ளையைக் கிளப்பி, சமைத்து, அந்த ஊர் நெரிசலில் வண்டி ஓட்டி ஆபீஸ் போகிறவள். என் உடம்பு நன்றாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் என்னிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. சிவப்பு வந்த நாட்களில் பயந்துகொண்டிருந்தேன், ஆனால் காலையில் அவள் குரல் இருந்தது. உப்பு, தண்ணீர், மாத்திரை என்று அவள் கோபமாகக் கேட்க, நான் கோபமாகப் பதில் சொல்ல, அந்தக் கோபத்தில் வீடு கொஞ்சம் வீடாக இருந்தது. இப்போது பச்சை வட்டம் வந்து, அது மறைந்து, போன் திரை கறுத்துப்போகும். அதன் பிறகு ராத்திரி வரை என்னிடம் யாருக்கும் காரியமில்லை. ஒருநாள் போன் அடித்தது, பாய்ந்து எடுத்தேன். கடன் வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டாள். பதிவு செய்த குரல் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் அவள் சொல்லி முடிக்கும் வரை கேட்டேன். நடுவில் ஒருமுறை "சரிம்மா" என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

மார்கழியில் ஒரு காலை, கோயிலிலிருந்து பாட்டுச் சத்தம் வந்துகொண்டிருந்தபோது கை தன்பாட்டுக்குத் திருநீற்றுச் சம்படத்துக்குப் போய்விட்டது. பூசிக்கொண்டு பனியனையும் மாட்டிவிட்டேன். சிவப்பு. உடனே போன். "அப்பா, என்னாச்சு?" அந்தக் குரலில் இருந்த பதற்றம் என்னைச் சுட்டது, சந்தோஷப்படுத்தவும் செய்தது. இரண்டும் உண்மை. "ஒண்ணுமில்ல ளா, மறந்து பூசிட்டேன்" என்றேன். சிரித்தாள், பேரன் பள்ளிக்கூடத்தில் யாரோடோ சண்டை போட்ட கதையைச் சொன்னாள். தை மாதத்தில் இன்னொரு நாளும் மறந்தேன். அன்று கொஞ்சம்தான் பேசினாள். மாசியில் மறந்தபோது போன் அடிக்கவில்லை. ஒரு செய்தி வந்தது. "திருநீறத் துடைங்கப்பா." கூடவே ஒரு சிரிக்கிற மூஞ்சி. துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன், பச்சை வந்தது. அதற்குப் பிறகு நான் மறக்கவில்லை. மறந்தும் பிரயோஜனமில்லை.

பங்குனியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். கல்யாணத்துக்குக்கூட நான் போகவில்லை, கூட்டத்தில் மூச்சு வாங்கும். ஆனால் மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு வீடு தேடி வந்து கூப்பிட்டார்கள். எங்கள் பக்கம் மறுவீட்டுக்குச் சொதி வைப்பார்கள். தேங்காய்ப் பாலில் காய் போட்டுச் செய்கிற குழம்பு, அதற்கு இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். டாக்டர் சொன்னது, மகள் சொன்னது எல்லாம் எனக்கு மனப்பாடம். சோற்றை மட்டும் தொட்டுக்கொண்டு எழுந்துவிடலாம் என்றுதான் போனேன்.

பந்தியில் உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் ஒரு தோள், அந்தப் பக்கம் ஒரு தோள். எத்தனை மாதத்துக்குப் பிறகு என் இலைக்குப் பக்கத்தில் இன்னொரு இலை! "அண்ணாச்சிக்குச் சொதி ஊத்துங்கடே", "அண்ணாச்சி எலயில அப்பளத்தக் காணும்", "நார்த்தங்கா ஊறுகா இங்கன கொண்டா" என்று நாலு பேர் என் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லி அதை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. எல்லாவற்றையும் சாப்பிட்டேன். ருசிக்காகச் சாப்பிட்டேன் என்று மகளிடம் பிறகு சொன்னேன். ருசி இருந்தது, நிஜம்தான். ஆனால் அது முழுக் காரணம் இல்லை.

மறுநாள் பச்சைதான் காட்டியது. ஆனால் மாடிப்படியில் பாதியில் நின்றேன். அன்று ராத்திரி தலையணைக்கு மேல் தலையணை வைத்தேன். அதற்கடுத்த காலை குளித்துவிட்டு, சம்படத்தைத் தொடாமல், மார்பைத் துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டுப் பனியனை மாட்டினேன்.

சிவப்பு.

போன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். செய்தி வந்தது. "திருநீறத் துடைங்கப்பா. மீட்டிங்ல இருக்கேன்."

கண்ணாடி முன்னால் போய் நின்றேன். மார்பில் ஒரு கோடும் இல்லை. ஆனாலும் ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, மறுபடி உட்கார்ந்தேன். மறுபடி சிவப்பு. வேட்டியை விலக்கி முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது. பஞ்சு மெத்தையில் முழங்கை ஊன்றி எடுத்த மாதிரி.

அந்த நேரத்தில் உலகத்தில் இந்த விஷயம் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். மகள் அந்தச் சிவப்பைத் திருநீறு என்று நம்பிவிட்டாள். நான் வாயைத் திறக்காவிட்டால் அவள் நம்பிக்கொண்டேதான் இருப்பாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளுக்கு இன்னும் நாள் இருந்தது. உப்பைக் குறைத்து, தண்ணீரைக் குறைத்து, ஒருவேளை தன்னால் வடிந்தாலும் வடியும். வடியாவிட்டால் ஐப்பசியில் நடந்ததுதான் திரும்ப நடக்கும். சொன்னால் உடன்படிக்கைப்படி வீடு போய்விடும். பேரன் அறையில் போட்ட கட்டில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

எழுந்து போய்ச் சம்படத்தைத் திறந்தேன். குழைத்துப் பூசிக்கொண்டால் அவள் நினைத்தது நிஜமாகிவிடும். யாரும் பொய் சொன்னதாக ஆகாது. சாம்பலை விரலில் எடுத்தும்விட்டேன். எடுத்த கையோடு ரொம்ப நேரம் நின்றேன். அவள் அம்மா இருந்திருந்தால், என் காலை ஒருதரம் பார்த்தே, "என்ன இது, செருப்பு இறுக்கமா இருக்கா?" என்று கேட்டிருப்பாள். பனியனும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். இப்போது என்னை ஒருவர் பார்க்க வேண்டும் என்றால் நானே சொல்லித்தான் ஆக வேண்டும். அது எனக்கு ரொம்ப அவமானமாக இருந்தது. ஏன் என்று கேட்டால் தெரியாது, இருந்தது.

விரலைத் துடைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன்.

"அப்பா, மீட்டிங்ல இருக்கேன்னு சொன்னேம்லா. துடைச்சியளா?"

"ஏளா, இன்னிக்கி நான் திருநீறு பூசல."

அந்தப் பக்கம் யார் யாரோ இங்கிலீஷில் பேசும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்தும் சத்தம். பேச்சுக் குரல்கள் நின்றன.

"மூச்சு வாங்குதாப்பா?"

"படி ஏறுனா வாங்குது."

"எப்பருந்து?"

"மறுவீட்டுக்குப் போய்ட்டு வந்ததுலருந்து."

"ஏம்ப்பா எங்கிட்ட முதல்லயே சொல்லல?"

"நீ கேட்டா சொல்லலாம்னு இருந்தேன்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. சின்ன வயசிலிருந்தே அவளுக்கு அழுகையை மறைக்கத் தெரியாது. பிறகு சமாளித்துக்கொண்டு, ஆட்டோவை வரச் சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். தான் பிளேனைப் பிடித்துச் சாயந்திரத்துக்குள் வந்துவிடுவதாகச் சொன்னாள். "போன வச்சிராதிய, பேசிக்கிட்டே இருங்க" என்றாள்.

பேச ஒன்றும் இல்லை. போனை மேஜையில் வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டு, பையை எடுத்தேன். அவள் படி இறங்குவதும், வண்டிக் கதவைத் திறப்பதும், யாரிடமோ அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்வதும் வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தன. நான் வேட்டிகளை மடித்து வைத்தேன், பனியனை அவற்றின் மேல் வைத்தேன், சம்படத்தையும் ஓரத்தில் செருகினேன். எத்தனை நாளைக்கு எடுத்து வைக்க வேண்டும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.